அந்தோணியார் பாத்தி

கடலூர் முதுநகர்
30-3-1967

தம்பி அடைக்கலராஜுக்கு, அக்கா சவரிமேரி எழுதுவது.

இரண்டு வருஷம் கழித்து அக்காளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே, யார் செத்தார்களோ என்று பயந்துவிடாதே. ஒருவரும் சாகவில்லை. பாஸ்கா திருநாளுக்காவது ஒரு கார்டு போடுவாய் என்று பார்த்தேன். போடவில்லை. சரி, நீ படித்தவன், ரோஷக்காரன். எனக்கு ரோஷம் பார்க்க நேரமில்லை. காரியம் ஆக வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

ஆற்றோரம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் உன் மாமா தக்காளி போட்டிருக்கிறார். வெயில் ஏறினால் தக்காளியில் பூ நிற்காது, உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் குறிஞ்சிப்பாடி சுப்பராயலு கடைக்கு ஒரு பூ மருந்து வந்திருக்கிறது. ஒரு மண்ணெண்ணெய் டின் தண்ணீருக்கு அரை மூடி மருந்து. அதைக் கொட்டாங்குச்சியில் மொண்டு இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பூங்கொத்தையும் அதில் முக்கி எடுக்க வேண்டும். மாமா முக்கினார். ஒரு பூ உதிரவில்லையடா. பங்குனி வெயிலில் காய் கொத்துக் கொத்தாக நிற்கிறது. பார்க்கிறவர்கள் கண் வைக்காமல் இருக்க வேண்டும்.

வம்பு எங்கே வந்தது கேள். கான்வென்ட் போர்டிங்குக்கு வாரம் மூன்று கூடை கொடுக்கிறேன். சமையல் பார்க்கிற சிஸ்டர் போன வாரம் ஒரு பழத்தை என் கண் முன்னால் அறுத்துக் காட்டினார்கள். உள்ளே ஒரு விதை கிடையாது. வெறும் சதையும் பொந்தும். "இன்னா மேரி இது? கொட்டையே இல்லாத பழம் எங்கனா உண்டா? மருந்து வச்சு வளத்ததுன்றாங்களே. நூத்தியிருபது புள்ளைங்க சாப்புடுது. பழத்துல மருந்து இல்லேன்னு வெவரம் தெரிஞ்சவுங்க எழுதிக் குடுத்தா வாங்குறேன், இல்லாட்டி வாணாம்" என்றார்கள்.

எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நம் வீட்டிலும் அதைத்தானே ரசம் வைக்கிறேன். இன்னாசிக்குப் பன்னிரண்டு வயது, வளர்கிற பெண்பிள்ளை.

விவரம் தெரிந்தவன் என்று என் வகையில் இருக்கிறவன் நீ ஒருத்தன். அண்ணாமலை நகரில் செடிகொடியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய். பழத்தைச் சோதித்துப் பார்த்து ஒரு காகிதம் கொடு. மருந்து இருந்தால் இருக்கிறது என்று சொல். நான் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறேன்.

மாமாவிடம் சொன்னேன். "மச்சான் எழுதிக் குடுப்பாரா? அம்மா அடக்கத்துக்கே வந்து சேராதவரு" என்றார். அன்றைக்கு அவர் பத்துப் பேர் முன்னால் உன்னைச் சொன்னது தப்புத்தான். அதை அன்றே அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

மரியலூர்துவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
சவரிமேரி

*

அண்ணாமலை நகர்
4-4-1967

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் ரோஷக்காரன் என்று எழுதியிருக்கிறாய். தந்தி எனக்கு வந்ததே மத்தியானம் இரண்டு மணிக்கு. ஏறின பாசஞ்சர் பரங்கிப்பேட்டையில் ஒன்றரை மணி நேரம் நின்றது. நான் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வரும்போது மண்ணைத் தள்ளி முடித்திருந்தார்கள். அங்கே வைத்து, "பெரிய படிப்பு படிச்சவுங்களுக்காகப் பொணம் காத்துக் கெடக்குமா" என்று மாமா கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பேனா எழுதிவிட்டது.

சோதனையைச் செய்கிறேன். இது என் வேலையைச் சேர்ந்தது அல்ல, அதனால் வீட்டில் வைத்துச் சொந்தமாகச் செய்வேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழத்தைப் பிசைந்து தண்ணீரில் ஊற வைத்து வடிகட்ட வேண்டும். ஒரு தட்டில் மை ஒற்றுகிற காகிதத்தைப் போட்டு, அந்தத் தண்ணீரில் நனைத்து, பத்து வெள்ளரி விதை வைக்க வேண்டும். இன்னொரு தட்டில் வெறும் தண்ணீரில் பத்து விதை. நாலு நாள் கழித்து இரண்டு தட்டிலும் வேரை அளந்து பார்க்க வேண்டும். இந்த மருந்து துளி இருந்தாலும் வெள்ளரி வேர் நீளாது, குட்டையாகத் தடித்துப்போகும். வெள்ளரிக்கு அவ்வளவு சுரணை.

உங்கள் தோட்டத்திலிருந்து இருபது பழம் அனுப்பு. அடிபடாமல் பார்த்துக்கொள்.

பரீட்சை விடைத்தாள் ஒரு கட்டு மேஜையில் கிடக்கிறது. உடம்பு அலுப்பாக இருக்கிறது. மரியலூர்துக்கு இது ஆறாம் மாதம்.

தம்பி
அடைக்கலராஜ்

*

(கார்டு)
முதுநகர், 12-4-1967

தம்பிக்கு,

மரியலூர்து செய்தி கேட்டு நேற்றே அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஆறு மாதம் வரைக்கும் அக்காளுக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறாய், நன்றாக இரு. ரயில்வேயில் வேலை பார்க்கிற தேவநாதன் நாளைக் காலை வண்டியில் கூடையைக் கொண்டுவருவார். இருபதுக்கு இருபத்தைந்தாக வைத்திருக்கிறேன். உனக்குப் போகிறது என்று கண்டதையும் அள்ளிப் போடவில்லை. தோட்டத்தில் இருப்பதிலேயே நல்ல பழம். செவ்வாய்க்கிழமை பறித்து, கோயிலில் வைத்து எடுத்து அனுப்புகிறேன். நல்ல முடிவு வர வேண்டும்.

சவரிமேரி

*

அண்ணாமலை நகர்
22-4-1967

அன்புள்ள அக்காவுக்கு,

பழம் பத்திரமாக வந்தது. மிச்சமான ஐந்தில் மரியலூர்து சட்னி அரைத்தாள். இப்படிப் புளிப்பும் ருசியுமாகத் தக்காளி தின்று எத்தனை நாள் ஆயிற்று என்றாள்.

முடிவு நல்ல முடிவு. வெறும் தண்ணீர்த் தட்டில் வேர் சராசரி இரண்டேகால் அங்குலம். பழத் தண்ணீர்த் தட்டிலும் அதேதான், ஒரு நூல்கூடக் குறையவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் வைத்துப் பார்த்துவிட்டேன். கான்வென்ட்டில் காட்டக் காகிதம் தனியாக இதனுடன் இருக்கிறது. "முதுநகர் அந்தோணிசாமியின் தோட்டத்துத் தக்காளியைச் சோதித்ததில் பூ மருந்தின் மிச்சம் ஒன்றும் தென்படவில்லை" என்று எழுதி, படிப்பையும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

மாமாவிடம் சொல், அவருடைய பழத்துக்கு மச்சான் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று. படிப்பு எதற்காவது உதவினால் சரி.

அடைக்கலராஜ்

*

முதுநகர்
16-5-1967

தம்பிக்கு,

உன் காகிதத்துக்கு வந்த வாழ்வைக் கேள். சிஸ்டர் படித்துப் பார்த்து, "நல்லதாப் போச்சு மேரி" என்று மறுநாளே கூடையை எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து வாங்கப் போன மாமா, என் மச்சான் எழுதினது என்று பெருமையாகச் சுப்பராயலுவிடம் காட்டியிருக்கிறார். அந்த மனுஷன் அதை வாங்கி, வடலூரில் டைப் அடிக்க வைத்து, கடை வாசலில் ஒட்டிவிட்டான். சந்தை நாளில் ஒருத்தனை நிறுத்திக் கத்திப் படிக்க வைக்கிறானாம். சுற்றுவட்டாரத்தில் கத்தரி, மிளகாய், அவரை என்று பூ வைக்கிறது எல்லாவற்றுக்கும் இப்போது அந்த மருந்துதான்.

முக்கத் தெரிந்த ஆள் மாமா. விடிந்தால் யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஊரான் தோட்டத்தில் கொட்டாங்குச்சியும் கையுமாகத் திரிகிறார். மருந்துத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகுகிறது. கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறார், அந்தத் துண்டையே தோளில் போட்டுக்கொள்கிறார். அரை மூடி போதும் என்றால் கேட்கிறாரா? "ஜாஸ்தி ஊத்துனா ஜாஸ்தி காய்க்கும்" என்று ஒரு மூடி, ஒன்றரை மூடி.

பத்து நாளாக விரல் நுனியில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்கிறார். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நான்தான் போட்டுவிடுகிறேன். மருந்தாக இருக்குமோ என்று கேட்டேன். "மச்சானே எழுதிக் குடுத்துட்டாரு, நீ இன்னா அவரைவிடப் படிச்சவளா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். நீ என்ன சொல்கிறாய்? பதில் போடு.

சவரிமேரி

*

அண்ணாமலை நகர்
23-5-1967

அக்காவுக்கு,

நான் கான்வென்ட்டுக்குக் கொடுத்த காகிதத்தைக் கடையில் ஒட்டச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? ஒரு தோட்டத்துப் பழத்துக்கு எழுதினதை ஊரிலுள்ள கத்தரிக்காய்க்கெல்லாம் சாட்சி ஆக்கிவிட்டீர்கள். என்னிடம் படிக்கிற குறிஞ்சிப்பாடிப் பையன்கள் இரண்டு பேர் வந்து, "சார், உங்க பேரு சந்தையில அடிபடுது" என்று சிரிக்கிறார்கள். உடனே அதைக் கிழித்துவிடும்படி சுப்பராயலுவுக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன். மாமாவும் போய்ச் சொல்லட்டும்.

விரல் மதமதப்பு வெயில் சூட்டினால் இருக்கும். மோர் குடிக்கச் சொல். வேப்பெண்ணெய் தேய்த்துவிடு.

மரியலூர்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. கோடை விடுமுறை என்று பெயர்தான், ஒரு நாள் உட்கார்ந்து மூச்சு விடவில்லை.

அடைக்கலராஜ்

*

முதுநகர்
27-6-1967

தம்பிக்கு,

மோர் கொடுத்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன். இப்போது நடந்ததைக் கேள்.

அந்தோணியார் திருநாளன்று மாமா பந்தலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கருகல் வாடை அடிக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தால், பீடி எரிந்து இரண்டு விரலுக்கு நடுவே வந்து சதை பொசுங்கிக்கொண்டிருக்கிறது. அவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லையடா. "அந்தோணி, கை!" என்று அவன் தட்டிவிட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார்.

அவ்வளவுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தீ சுட்டால் தெரியாத கை என்ன கை என்று உனக்கும் தெரியும். குஷ்டம், பெருவியாதி என்று ஆகிவிட்டது. திருநாள் சாப்பாட்டில் அவர் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து அடுத்த பந்தியில் போய் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் நம் கிணற்றுக்கு வருவதில்லை. இன்னாசியோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எதிர்ப் பக்கமாகப் போகின்றன.

ஊரைவிட அவர் பண்ணுகிறதுதான் எனக்குத் தாங்கவில்லை. தனியாக ஒரு தகரத் தட்டு வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறார், தோட்டத்துக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். இன்னாசி பக்கத்தில் போனால், "கிட்ட வராத, போ அந்தாண்ட" என்று கத்துகிறார். என்னைத் தொட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "அங்க பேரை எழுதிட்டா அப்பறம் அழிக்க முடியாதுடி. பொண்ணு ஒண்ணு இருக்குது" என்கிறார்.

மருந்தால் இருக்கும் என்று நான் கோயில் வாசலில் நின்று கத்தினேன். "ஒன் தம்பியே அதுல ஒண்ணும் இல்லேன்னு எழுதினாரே" என்று என்னையே மடக்குகிறார்கள். சுப்பராயலு உன் காகிதத்தைக் கிழிக்கவுமில்லை. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அவர் கையைத் தின்றது வியாதியா, மருந்தா? கோபப்படாமல் பதில் எழுது. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

சவரிமேரி

*

அண்ணாமலை நகர்
1-7-1967

அக்கா,

கடிதத்தை நாலு முறை படித்தேன். என்னை ஏசாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்.

சிஸ்டர் அறுத்த பழத்தில் விதை இல்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நீ எனக்கு அனுப்பின பழத்தை நான் பிசைந்து வடிகட்டியபோது, வடிகட்டி நிறைய விதை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. மரியலூர்து அதை முருங்கை மரத்தடியில் கொட்டினாள், ஆடி வந்தால் முளைக்கும் என்றாள். பூ மருந்தில் காய்த்த பழத்தில் அத்தனை விதை இருக்காது. இருபது வயதுப் பையன்களுக்கு இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன். என் கையில் விதை ஒட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு உறைக்கவில்லை. வேரை அளப்பதில் இருந்த அக்கறை பழத்தைப் பார்ப்பதில் இல்லை.

அந்தப் பழம் எந்தச் செடியில் பறித்தது? உள்ளதைச் சொல்.

அடைக்கலராஜ்

*

முதுநகர்
5-7-1967

தம்பிக்கு,

அந்தோணியார் பாத்தியில் பறித்தது.

வாய்க்கால் ஓரத்து முதல் பாத்தியை நாற்று நடும்போதே அந்தோணியாருக்கு என்று நேர்ந்துவிடுவது. அம்மா காலத்திலிருந்து உள்ள வழக்கம், நீ மறந்திருப்பாய். அதில் காய்க்கிற முதல் காய் கோயிலுக்கு, அப்புறம் ஏழைப்பட்டதுகளுக்கு. சாமிக்கு விட்டதில் கண்ட மருந்தையும் எவனாவது வைப்பானா? மாமாவே வைக்க மாட்டார். அது காய்த்தால் காய்க்கட்டும் என்று தண்ணீர் மட்டும் காட்டுவோம்.

நீ பரீட்சை வைக்கப்போகிறேன் என்றாய். பரீட்சைக்குப் போகிற பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துத்தானே அனுப்புகிறோம். உன்னை எஸ்.எஸ்.எல்.சி.க்கு அப்படித்தானே அம்மா அனுப்பினாள்? அது மாதிரி நினைத்துத்தான் அனுப்பினேன். ஆசீர்வாதம் பெற்ற பழம் போனால் நல்ல முடிவு வரும் என்று நினைத்தேன். அதோடு உனக்குத் தருவது, இரண்டு வருஷம் கழித்துத் தருவது, தோட்டத்தில் உள்ளதில் உசந்ததைத் தர வேண்டும் என்று ஒரு ஆசை. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. மாதா மேல் ஆணை.

நான் முட்டாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்டாயா? "உங்கள் தோட்டத்திலிருந்து" என்று எழுதினாய். அது எங்கள் தோட்டம் இல்லையா? மருந்து வைத்த செடியில் பறி என்று ஒரு வரி எழுதியிருந்தால் கை ஒடிந்துபோயிருக்குமா? விரல் மரத்துப்போகிறது என்று எழுதினேனே, மோர் கொடு என்றாய். உன் பேர் சந்தையில் அடிபட்டதுதான் உனக்குப் பெரிதாகப் போயிற்று. இதை எழுத வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசிப் பறிப்பில் கொஞ்சம் பழம் இருக்கிறது. மருந்து வைத்த செடியில் என் கையால் பறித்து இருபது அனுப்புகிறேன். அறுத்துப் பார், ஒரு விதை இருக்காது. கூடைக்கு அடியில் அவர் தோளில் போடுகிற துண்டையும் மடித்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் நனைக்காமல் அப்படியே எடுத்துவந்தேன். பழத்துக்கு வைக்கிற பரீட்சையை அந்தத் துண்டுக்கும் வை. பழத்தைத் தின்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று கான்வென்ட்டில் கேட்டார்கள், நீயும் சோதித்தாய். பழம் காய்க்க வைத்தவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சவரிமேரி

*

அண்ணாமலை நகர்
17-7-1967

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஏசினது எல்லாம் சரி.

இந்த முறை நாலு தட்டு வைத்தேன். வெறும் தண்ணீர், பழத் தண்ணீர், மாமாவின் துண்டை நனைத்துப் பிழிந்த தண்ணீர். ஒருவேளை துணியிலேயே ஏதாவது இருக்குமோ என்று என் துண்டு ஒன்றையும் நனைத்து நாலாவது தட்டு. வெறும் தண்ணீரிலும் என் துண்டுத் தண்ணீரிலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேர். பழத் தண்ணீரில் முக்கால் அங்குலம், அதுவும் குண்டூசித் தலை மாதிரி தடித்து நிற்கிறது. மாமாவின் துண்டுத் தண்ணீரில் விதை வாய் பிளந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது விதையில் வேரே இல்லை. பத்தாவது அழுகிவிட்டது. மரியலூர்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதையா தோள்ல போட்டிருந்தாரு?" என்று அழுதாள்.

பழத்தில் மருந்து இருக்கிறது. தின்றால் என்ன ஆகும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது அக்கா. எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வெள்ளரி விதைக்கு ஆனது மனுஷன் கைக்கும் ஆகும் என்று என் சோதனை சொல்லாது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் நரம்பு நோய் பார்க்கிறவர். அடுத்த வாரம் புதன்கிழமை மாமாவைக் காலை வண்டியில் கூட்டிக்கொண்டு வா. பதிவேட்டில் பேர் எழுதுவதைப் பற்றி மாமா பயப்பட வேண்டாம், வீட்டில் வைத்தே பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மருந்துப் பாட்டிலையும் கொண்டு வரச் சொன்னார்.

இன்னொன்று. நேற்று முன்தினம் சந்தைக்குப் போனேன். புதிய காகிதம் ஒன்று எழுதிக்கொண்டு போய்ச் சுப்பராயலு கடை வாசலில் நின்று நானே படித்தேன். "ஏப்ரல் மாதம் நான் சோதித்த பழம் மருந்து வைக்காத செடியில் பறித்தது. அதைக் கேட்டறியாதது என் தவறு. மருந்து வைத்த செடியின் பழத்தில் மருந்து இருக்கிறது. அதை முக்குகிறவரின் துணியில் அதைவிட அதிகமாக இருக்கிறது. என் முன் காகிதத்தை ஒருவரும் நம்ப வேண்டாம்." இவ்வளவுதான். இரண்டு முறை நிறுத்திப் படித்தேன்.

ஒருத்தர், "ஏன் சார், முன்ன ஒண்ணு எழுதுனீங்க, இப்ப ஒண்ணு எழுதுறீங்க, நாளைக்கு இன்னா எழுதுவீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சுப்பராயலு வெற்றிலையை மென்றுகொண்டே, "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள வந்து சோடா குடிங்க" என்றான். பழைய காகிதத்தைப் பிய்த்தெடுத்தேன். அவன் தடுக்கவில்லை. மேஜையில் இன்னும் முப்பது பிரதி இருந்தது.

குறிஞ்சிப்பாடி வரை வந்தவன் முதுநகருக்கு வந்திருக்கலாம். பஸ்ஸில் ஏறவும் செய்தேன். மாமா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அம்மா அடக்கத்துக்கு வந்து சேராதவன் என்று அவர் சொன்னதில் எனக்கு இருந்த கோபம் இன்றைக்கு இல்லை. வர வேண்டிய இடத்துக்கு நான் எப்போதும் பிந்தித்தான் வருகிறேன்.

புதிய காகிதத்தின் பிரதி ஒன்று இதில் இருக்கிறது. மாமாவிடம் கொடு.

அடைக்கலராஜ்

*

முதுநகர்
9-8-1967

தம்பிக்கு,

உன் வீட்டிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன், வேலை விடவில்லை.

அன்றைக்கு மாமா உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை என்று மனசில் வைத்துக்கொள்ளாதே. டாக்டர் ஊசியால் குத்தினதும், காது மடலில் கீறி எடுத்ததும், கொட்டாங்குச்சியை எப்படிப் பிடித்தாய் என்று நடித்துக் காட்டச் சொன்னதும் அவரை ஒரு வழி ஆக்கிவிட்டது. வண்டியில் வரும்போது, "இது பெருவியாதி இல்லேன்னாரு இல்ல? நீ கேட்டியா?" என்று என்னைக் கேட்டார். நானும் கேட்டேன் என்றேன். பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது மறுபடி கேட்டார். ஆலப்பாக்கத்தில் மறுபடி. டாக்டர் உன்னிடம் சொன்னதைத்தான் என்னிடமும் சொன்னார், மருந்தால் நரம்பு கெட்டிருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது, இனி அதைத் தொடக் கூடாது, உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும், ஆறு மாதம் ஆகலாம் என்று. திரும்பும் என்றதை மட்டும் நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கான்வென்ட்டுக்கு நானே போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சிஸ்டர், "நீயா வந்து சொன்னியே" என்றார்கள். இப்போது காய் வாங்குவதில்லை. செடியை எல்லாம் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்தோணியார் பாத்தியையும் பிடுங்கியாகிவிட்டது, காய்ப்பு ஓய்ந்துவிட்டது. கேழ்வரகு விடலாம் என்று இருக்கிறோம்.

சுப்பராயலு கடையில் வியாபாரம் நிற்கவில்லை. உன் காகிதம் மட்டும் இப்போது ஒட்டுவதில்லையாம். வேறு ஆள் இரண்டு பேர் முக்கப் போகிறார்கள். மாமா அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையைக் காட்டினார். ஒருத்தன் நின்றுவிட்டான். ஒருத்தன், "ஒனக்கு ஒடம்பு வாகு இல்ல அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டான். சின்னம்மாள் நம் கிணற்றுக்கு வர ஆரம்பித்திருக்கிறாள், ஆனால் தன் கயிற்றைத் தானே கொண்டு வருகிறாள். ஊர் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

உன் காகிதத்தை மாமா சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நேற்று மத்தியானம் இன்னாசியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். "கேட்டறியாதது என் தவறு" என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் படி என்றார். படித்தாள். "மச்சான் சந்தையில நின்னு இதையா படிச்சாரு, அத்தினி பேரு முன்னால?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கு நானும் அத்தினி பேரு முன்னாலதான் அவரைச் சொன்னேன்" என்றார். இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். மரியலூர்து பிரசவத்துக்கு நான் வந்து இருக்கிறேன், வேறு ஆள் பார்க்காதே.

இன்னாசி போன பிறகு, அவர் வாசலில் உட்கார்ந்து பிடுங்கிப் போட்ட தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். உதறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்குத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறுக்கிப் பிடித்தேன். பொசுங்கின விரலைத் தடவினேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. காக்கா ஒன்று கத்தியது என்று இந்தப் பக்கம் திரும்பினவர், தன் கை என் மடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்தார்.

"எப்பப் புடிச்ச?" என்று கேட்டார்.

"இப்பத்தான்" என்றேன்.

அக்கா
சவரிமேரி